யாருடைய கோல்கீப்பர்?

2019 ஜூன் 9, பிரான்சின் கிரனோபிள் நகரம். மகளிர் உலகக் கோப்பையில் பிரேசிலை எதிர்த்து ஜமைக்கா ஆடுகிறது. அந்தத் தீவின் மகளிர் அணி உலகக் கோப்பையில் ஆடிய முதல் ஆட்டம் அது. கரீபியன் நாடுகளிலிருந்து மகளிர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அணியும் ஜமைக்காதான். பிரேசில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது முதல் பாதியிலேயே அதற்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஆந்த்ரெஸா ஆல்வெஸ் அடித்த பந்தைப் பாய்ந்து தடுத்தார் 19 வயது சிட்னி ஷ்னைடர். கடைசியில் ஜமைக்கா 0–3 என்று தோற்றது. ஆனாலும் அந்தத் தடுப்பு ஜமைக்கர்களின் நினைவில் தங்கிவிட்டது.

ஷ்னைடர் பிறந்தது ஜமைக்காவில் இல்லை, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில். கல்லூரிக் கால்பந்து ஆடியது வட கரோலினாவின் வில்மிங்டனில். குடும்பத்தின் வேர் ஜமைக்காவில் இருந்ததால் அந்த நாட்டு அணியில் இடம்பெறும் தகுதி அவருக்குக் கிடைத்தது. மகளிர் கால்பந்தில் இன்று இப்படிப்பட்டவர்கள் ஏராளம். பிறந்த நாடு ஒன்று, அம்மாவின் நாடு இன்னொன்று, தாத்தாவின் நாடு மூன்றாவது. பள்ளிப் படிப்பு முடியும் முன்பே இரண்டு மூன்று சம்மேளனங்கள் அழைத்துவிடுகின்றன. எந்த அழைப்பை ஏற்பது என்று பெற்றோரும் பயிற்சியாளரும் முகவரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு நாட்டுக்கு உரியவளாக இருப்பது தானே முடிவு செய்துகொள்ளக்கூடிய காரியமா, அல்லது பிறக்கும்போதே முடிந்துவிட்டதா என்ற கேள்விக்கு மட்டும் அவர்களில் எவரிடமும் பதில் இருக்காது.

இந்தக் கேள்வி மற்ற ஆட்டக்காரர்களைவிடக் கோல்கீப்பரை அதிகம் வாட்டும். முன்களத்திலும் நடுக்களத்திலும் பல இடங்கள் உண்டு, ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றி இறக்குவதும் வழக்கம். கோல்கீப்பருக்கு இருப்பது ஒரே இடம், அதில் நிற்பவர் லேசில் நகரமாட்டார். ஹோப் சோலோ அமெரிக்காவுக்காக 202 ஆட்டங்கள் ஆடினார். அவர் அசையாமல் நின்ற ஆண்டுகளில் அவருக்குப் பின்னால் எத்தனையோ திறமைசாலிகளின் இளமை பெஞ்சில் கழிந்தது. அலீசா நேயர் 2015 உலகக் கோப்பை அணியில் இருந்தும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அந்த இடம் அவருக்கு நிலைத்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது. இத்தனை நீளமான வரிசையின் கடைசியில் நிற்கும் ஓர் இளம்பெண்ணுக்குப் பாட்டி பிறந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தால், அது அவள் ஆடப்போகிறாளா இல்லையா என்பதையே தீர்மானித்துவிடும்.

ஃபிஃபாவின் விதியிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்த நாட்டின் குடியுரிமை இருப்பது கட்டாயம். குடியுரிமையைப் புதிதாகப் பெற்றவரென்றால், அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். இவ்வளவும் தகுதிக்கு. கட்டுப்படுவதற்கான விதி தனி: அதிகாரப்பூர்வமான போட்டி ஒன்றில் களத்தில் இறங்கி ஆடினால்தான் கட்டு விழும். நட்பு ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. அணிப் பட்டியலில் பெயர் இருப்பதற்கும், சீருடை போட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கும் கணக்கில்லை. ஆகவே ஒரு மாற்றுக் கோல்கீப்பர் ஒரு நாட்டு அணியோடு ஐந்தாண்டு பயணம் செய்யலாம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கலாம். பிறகும் சட்டத்தின் பார்வையில் அவர் யாருக்கும் கட்டுப்படாதவரே. காத்திருப்பையும் பற்றாகக் கருதுவதுதான் மனித இயல்பு. விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

இந்த விதிகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவுக்கும் ஆடினார், ஸ்பெயினுக்கும் ஆடினார். ஹங்கேரியின் புஷ்காஷும் பின்னாளில் ஸ்பெயின் சீருடை அணிந்தார். பிறகு கதவு இறுகியது. 2004இல் இளையோர் அணிகளில் ஆடியவர்களுக்காகச் சற்றுத் திறந்தது. 2009இல் அதற்கிருந்த வயது வரம்பு நீங்கியது. 2020இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது: 21 வயதுக்கு முன் மூத்தோர் அணிக்காக மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர், அவை உலகக் கோப்பையின் அல்லது கண்ட அளவிலான கோப்பையின் இறுதிச் சுற்று ஆட்டங்களாக இல்லாவிட்டால், மூன்றாண்டு கழித்து வேறு நாட்டுக்கு மாறலாம். ஒரே ஒரு முறைதான். இதற்குள் ஒரு விவேகம் இருக்கிறது. இளமையில் சொன்ன சொல்லை வைத்து ஒருவரை வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போடக் கூடாது, சொல்லை மாற்றுவதையே வாடிக்கையாக்கவும் விடக் கூடாது என்கிற விவேகம்.

சட்டம் தீர்த்துவைத்ததைப் பார்வையாளர் மாடம் ஏற்றுக்கொள்வதில்லை. 'அங்கே இடம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே வந்தாள்' என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வாய்ப்புக்காக வந்தவளின் பற்று உண்மையானதாக இருக்க முடியுமா? நாட்டுப்பற்று என்று நாம் மதிப்பது பிறப்போடு வந்ததையா, தேர்ந்தெடுத்ததையா?

பழைய பதில் ஒன்று பிளேட்டோவின் 'கிரீட்டோ' உரையாடலில் இருக்கிறது. மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் சாக்ரடீசிடம் நண்பர் வந்து தப்பிக்க வழி செய்திருப்பதாகச் சொல்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். ஏதென்ஸ் நகரத்தின் சட்டங்கள் எதிரில் வந்து நின்று பேசினால் என்ன சொல்லும் என்று கற்பனை செய்கிறார். 'உன்னைப் பெற்றவர்களை இணைத்தோம், வளர்த்தோம், படிக்க வைத்தோம். எங்களைப் பிடிக்காவிட்டால் போயிருக்கலாம். எழுபது வயது வரை இங்கேயே இருந்தாய் என்றால் எங்களுக்கு உடன்பட்டாய் என்றுதானே பொருள்' என்பது அந்தச் சட்டங்களின் வாதம். பிறப்பால் வந்த கடனும் தங்கியதால் வந்த சம்மதமும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1748இல் டேவிட் ஹ்யூம் இந்த இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார். தூக்கத்தில் ஒருவனைக் கப்பலில் ஏற்றிவிட்டு, நடுக்கடலில் அவன் விழித்ததும் 'குதிக்காமல் இருக்கிறாயே, அப்படியானால் கப்பல் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்துவிட்டாய்' என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்டார். மனிதரில் பெரும்பாலோர் தம் நாட்டில் இருப்பது அப்படித்தான். எவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. வேறு இடமும் இல்லை.

இரண்டு மூன்று நாடுகளுக்குத் தகுதியுள்ள கோல்கீப்பரின் நிலைமை வேறு. அவள் விழித்தெழும்போது பக்கத்திலேயே இன்னொரு கப்பல் நிற்கிறது, அதில் ஏறவும் அவளுக்கு அனுமதி உண்டு. ஆகவே அவள் இருந்தாலும் சம்மதம், போனாலும் சம்மதம். நாட்டை மாற்றக்கூடியவளின் பற்று மெலிந்தது என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். சம்மதம்தான் பற்றின் எடை என்றால் கணக்கு தலைகீழாகிறது: ஒரே கடவுச்சீட்டு உள்ளவர்களிடம் எவரும் ஒருபோதும் கேட்காத கேள்விக்கு அவள் வாய்திறந்து பதில் சொல்லியிருக்கிறாள்.

வேதநூல்களும் இந்த இடத்தில் வந்து நிற்கின்றன. பைபிளின் உபாகமம், மோவாபியர் பத்துத் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று விதிக்கிறது. ஃபிஃபா தாத்தா பாட்டியோடு நிறுத்திக்கொள்கிறது, இந்த விதி பத்துத் தலைமுறை வரை போகிறது. அதே பைபிளில் ரூத் என்னும் மோவாபியப் பெண்ணின் கதையும் இருக்கிறது. கணவனை இழந்தவள். திரும்பிப் போகச் சொன்ன மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மறுத்து, அவளுடைய மக்களையும் அவளுடைய தெய்வத்தையும் தன்னுடையதாக ஏற்றுப் பெத்லகேமுக்கு வருகிறாள். அங்கே அவள் செய்த முதல் வேலை, அறுவடை வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கியது. பசி இருந்தது, பிழைப்பு வேண்டியிருந்தது. அதனால் அவளுடைய தேர்வு பொய்யாகிவிட்டதென்று அந்த நூல் கருதவில்லை. அவளுடைய கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா. விலக்கி வைத்த விதியும் விலக்கப்பட்டவளை ராஜவம்சத்தின் பாட்டியாக்கிய கதையும் ஒரே வேதத்தில் நிற்க, எதையும் அழிக்காமல் இரண்டையும் காத்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமானவன் கர்ணன். போருக்கு முன் கிருஷ்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு போய், நீ குந்தியின் மூத்த மகன், பாண்டவர் பக்கம் வா, அரியணை உனக்கு என்கிறான். இரண்டு அணிக்கும் தகுதியுள்ளவனாக அவன் ஆகும் கணம் அது. கர்ணன் மறுத்ததற்குக் காரணம் செஞ்சோற்றுக் கடன் என்று மேடையும் திரைப்படமும் நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் கர்ணனின் பேச்சு துரியோதனனிலிருந்து தொடங்கவில்லை. வளர்ப்புத் தாய் ராதை பாலூட்டினாள், வளர்ப்புத் தந்தை அதிரதன் மகனென்று எண்ணிச் சடங்குகள் செய்தான், பெயர் வைத்தான், மணம் முடித்து வைத்தான் என்றுதான் தொடங்குகிறது. நாட்டையும் செல்வத்தையும் தந்த துரியோதனன் அதற்குப் பிறகே வருகிறான். பிறப்பை அவன் மறுக்கவும் இல்லை. பின்னர் குந்தி வந்து கேட்டபோது, அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்லமாட்டேன், உனக்கு எப்போதும் ஐந்து பிள்ளைகள் இருப்பார்கள் என்று வாக்குக் கொடுக்கிறான். ஒரு பக்கம் நின்று ஆடுபவன் மறுபக்கத்துக்கும் கடன் செலுத்துகிறான்.

துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தது தூய அன்பினாலா? அர்ச்சுனனுக்கு எதிராக ஒரு வில்லாளி அவனுக்குத் தேவைப்பட்டான். கர்ணனுக்கோ அவையில் நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது. இரண்டு தேவைகள் சந்தித்த இடத்தில் பிறந்த நட்பு அது. ஆனாலும் அதைப் போலி என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஒரு பந்தம் எதிலிருந்து தொடங்கியது என்பது அதன் உண்மையை முடிவு செய்துவிடாது. அதற்குள் நின்று ஒருவர் எதைச் சுமந்தார் என்பதே முடிவு செய்கிறது.

ஜமைக்காவின் கோல்கீப்பர்கள் சுமந்தது கொஞ்சமல்ல. நிதியில்லாமல் முடங்கிக் கிடந்த அந்த மகளிர் அணியை 2014இல் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி கைகொடுத்து எழுப்பினார். 2018 அக்டோபரில் டெக்சஸில் பனாமாவுக்கு எதிரான ஆட்டம் 2–2 என்று சமனாகி பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. அதுவரை வலை காத்த ஷ்னைடரைப் பயிற்சியாளர் வெளியே அழைத்து, நிக்கோல் மெக்ளூரை இறக்கினார். மெக்ளூர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், ஜமைக்கா உலகக் கோப்பைக்குப் போனது. இரண்டு மணி நேரம் நின்றவர் ஒருவர், முடித்து வைத்தவர் இன்னொருவர். இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள்.

2023 உலகக் கோப்பையில் அந்த இடத்துக்கு லண்டனில் பிறந்து, இங்கிலாந்தின் இளையோர் அணிகளில் ஆடிய ரெபெக்கா ஸ்பென்சர் வந்தார். பிரான்சுடன் 0–0, பனாமாவுடன் 1–0, பிரேசிலுடன் 0–0. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட உள்ளே போகவில்லை. மார்ட்டாவின் பிரேசில் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. அடுத்த சுற்றில் கொலம்பியாவிடம் ஒரே கோலில் தோற்கும் வரை ஜமைக்காவின் வலை அசையவில்லை. கிரனோபிளில் பெனால்டியைத் தடுத்த ஷ்னைடர் இந்த முறை அணியில் இருந்தும் ஸ்பென்சருக்கு மாற்றாகக் காத்திருந்தார். அந்தக் கோடையில் ஜமைக்கா ஆட்டக்காரர்கள் ஏற்பாடுகளின் குறைகளைப் பற்றி வெளிப்படையாக அறிக்கை விட வேண்டியிருந்தது. ஓர் ஆட்டக்காரரின் தாய் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். வசதிக்காக நாட்டைத் தேர்ந்தவர்கள் தேடிப் போகும் இடம் இதுவல்ல.

பிறப்பு, தேர்வு என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்காத கதைகளும் உண்டு. ஸ்வீடன் கோல்கீப்பர் ஜெசீரா முஷோவிச்சின் குடும்பம் செர்பியாவின் பிரியெபோலியே ஊரைச் சேர்ந்த போஸ்னியாக் முஸ்லிம் குடும்பம். யூகோஸ்லாவியா உடைந்து போர் மூண்டபோது, 1992இல், வெளியேறி ஸ்வீடனுக்கு வந்தார்கள். முஷோவிச் பிறந்தது 1996இல், ஃபாலூன் நகரில். பெற்றோர் பிறந்த நாடு அதற்குள் வரைபடத்தில் அதே வடிவில் இல்லை. 2023 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக 11 முறை பந்தைத் தடுத்து, ஷூட்-அவுட் வரை ஸ்வீடனைக் கொண்டுபோய் ஜெயிக்க வைத்தவர் இவர். பெற்றோர் பிறந்த மண் தகுதி தரும் என்கிறது விதி. அந்த மண்ணிலிருந்து அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்று அது கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த பாட்டியின் பேத்தி டொரான்டோவிலோ ஆஸ்லோவிலோ வலை காக்கும் பெண்ணாக வளர்ந்தால், அவள் முன்னும் இதே கேள்வி நிற்கும். குடியுரிமைக் காகிதங்கள் சரியாக இருந்தால் இலங்கை அணியில் ஆட விதி இடம் தரும். பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் விதிக்குத் தகுதிச் சீட்டு, குடும்பத்துக்கோ விட்டுவந்த வீட்டின் நினைவு. 1983க்குப் பிறகு சிதறிய வீடுகளில் அந்தச் சீருடை என்ன உணர்வை எழுப்பும் என்று வெளியில் இருப்பவர் அளந்து சொல்ல முடியாது. அவள் ஏற்றால் அதைத் துரோகம் என்பதும், மறுத்தால் அதை வன்மம் என்பதும் ஒரே அளவு அநியாயம். கர்ணனுக்கு இருந்த வசதி அவளுக்கு இல்லை. அவனைப் பெற்ற குலம் அவனைக் கூப்பிட்டபோது அரியணையைக் காட்டிக் கூப்பிட்டது.

இந்தியாவில் நிலைமை இன்னும் கறாரானது. பிலிப்பைன்ஸ் 2003இல் இயற்றிய சட்டத்தால் வேறு நாட்டுக் குடிமக்களான தன் மக்களும் குடியுரிமையை மீட்டுக்கொள்ள முடிகிறது. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. 2008 முதல் நாட்டுக்காக ஆட இந்தியக் கடவுச்சீட்டு கட்டாயம். பெர்த்தில் பிறந்து, அம்மா வழியில் இந்தியரான கால்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸ் 2025இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்த பிறகே இந்திய அணிக்கு வர முடிந்தது. வளர்த்த நாட்டை முழுதாக வெட்டிவிட்டு வந்தால்தான் பற்று உண்மை என்று கேட்பது மிகையான கேள்வி. ராதையைத் தாயில்லை என்று சொல்லிவிட்டு வா என்று கிருஷ்ணனும்கூடக் கர்ணனிடம் கேட்டதில்லை.

இரண்டு பாதைகளும் ஒரே போட்டியில் தெரிந்தன. 2022 ஜனவரியில் மகளிர் ஆசியக் கோப்பை இந்தியாவில் நடந்தது. கோவிட் தொற்றால் ஆட்களைத் திரட்ட முடியாமல் போட்டியை நடத்திய இந்தியாவே விலக நேர்ந்தது. அதே போட்டியின் காலிறுதியில், புனேயில், பிலிப்பைன்ஸ் சீன தைபேயை ஷூட்-அவுட்டில் வென்று முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கலிஃபோர்னியாவில் பிறந்த கோல்கீப்பர் ஒலிவியா மெக்டேனியல் அன்று பெனால்டி தடுத்ததோடு, தானே முன்வந்து ஒரு பெனால்டியை அடித்து கோலாக்கவும் செய்தார். அடுத்த ஆண்டு வெலிங்டனில், போட்டியை நடத்திய நியூசிலாந்தை பிலிப்பைன்ஸ் 1–0 என்று வென்றபோது கடைசி நிமிடங்களில் ஆட்டத்தைக் காத்ததும் அவர்தான்.

அந்த உலகக் கோப்பை அணியின் 23 பேரில் 18 பேர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். இங்கேதான் சம்மதத்தை வைத்துக் கட்டிய வாதம் தடுமாறுகிறது. இரண்டு கப்பல் உள்ளவளின் தேர்வு மதிப்புக்குரியதுதான். ஒரே கப்பல் உள்ளவள், பிலிப்பைன்ஸின் தாவாவோவிலோ ஜமைக்காவின் கிங்ஸ்டனிலோ மண் மைதானத்தில் விழுந்து எழுந்து பழகியவள், தன் ஒரே இடத்தை இழக்கிறாள். ரூத் பொறுக்கிய கதிர்கள் ஏழைகளுக்கென்று வயலில் விட்டுவைத்தவை, அதனால் அவள் எவருடைய பங்கையும் எடுக்கவில்லை. கோல்கீப்பரின் இடமோ ஒன்றே ஒன்று.

இதற்கு அந்த வெளிநாட்டுப் பெண்ணைக் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் நியாயமில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு, படிப்புக்கு உதவித்தொகை உண்டு. உள்ளூர்ப் பெண்ணுக்குக் கையுறையே சொந்தமாக இருக்காது. அயல்நாடுகளில் பாட்டிமாரின் பிறப்புப் பதிவுகளைத் தேடி ஆள் அனுப்பும் சம்மேளனங்கள், மாவட்ட மைதானத்துக்கு ஒரு கோல்கீப்பர் பயிற்சியாளரை நியமித்துச் சம்பளம் கொடுத்தால், அடுத்த ஷூட்-அவுட்டுக்கு முன் பயிற்சியாளர் இரண்டு பெண்களையும் அருகருகே நிறுத்திப் பார்த்து முடிவு செய்யலாம். இன்று அந்த ஒப்பீடே நடப்பதில்லை, ஏனென்றால் இரண்டாமவள் பதின்மூன்று வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டாள்.